ஷொட்டுக்கு ஒருவர்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் நாலு பேர் குறும்படம் எடுக்கக் கூடினால், தேத்தண்ணி வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "சரி, ஆர் டிரெக்டர்?" அந்தக் கேள்வியோடு அறையின் முகம் மாறிப்போகும். ஒருவர் கதிரையை முன்னுக்கு இழுப்பார். இன்னொருவர், "நான் சும்மா உதவிக்கு வாறன்" என்று பின்னுக்குச் சாய்வார். நல்ல போன் வைத்திருப்பவர் கேட்காமலே கமெராமன் ஆகிவிடுவார். கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தால் உடுப்பும் சாப்பாடும் அவள் தலையில் விழும். ஒரு ஷொட்கூட எடுக்கவில்லை, அதற்குள் முதலாளியும் வேலையாட்களும் பிறந்துவிட்டார்கள்.

நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் படங்கள் பல பாதியில் நின்றுபோவதற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். உதவிக்கு வந்தவர் மூன்றாவது ஞாயிறு வரமாட்டார். அது அவருடைய படம் இல்லையே, ஏன் வர வேண்டும்? ஆகவே ஆறுதலாக இருந்து, பதவிகளைப் பங்குபோடாமல் ஒரு படத்தை எப்படி எடுத்து முடிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவசரமில்லை, இன்னொரு தேத்தண்ணி ஊற்றலாம்.

முதலில், இந்தப் பதவிகள் எங்கிருந்து வந்தன? 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டியபோது அவர்களிடம் இருந்தது ஒரே பெட்டி. படம் பிடித்ததும் அதுதான், பிரதி எடுத்ததும் அதுதான், திரையில் காட்டியதும் அதுதான். அந்தப் பெட்டியோடு ஊர் ஊராக அனுப்பப்பட்ட ஆளே எடுப்பவர், கழுவுபவர், காட்டுபவர் எல்லாம். பிறகு ஸ்டூடியோக்கள் வந்தன. பிலிம் சுருளுக்கு விலை, விளக்குகளுக்கு விலை. ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஐம்பது பேரின் கூலி வீண். பிழை ஒவ்வொன்றும் காசாக இருந்ததால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். போக்கஸ் பார்க்க ஒருவர், கிளாப் அடிக்க ஒருவர், ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று ஆனது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. இன்று உங்கள் கையில் இருக்கும் போன் மறுபடியும் அந்த ஒற்றைப் பெட்டி. அதில் எடுக்கலாம், வெட்டலாம், காட்டலாம். டேக் பிழைத்தால் திருப்பி எடுக்கலாம். செலவு குறைந்துவிட்ட பிறகும் செலவுக்காகப் பிறந்த பதவிகளைச் சுமப்பதா இல்லையா என்பதை நாங்களே தீர்மானிக்கலாம்.

இலங்கைத் தமிழருக்கு இது இன்னும் கிட்டிய விஷயம். எங்களுக்கென்று உறுதியாக நின்ற ஒரு படத் தொழில் இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. 1972இல் ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்த வி. எஸ். துரைராஜா தொழிலால் கட்டடக் கலைஞர். 1976இல் வந்த ‘கோமாளிகள்’ வானொலியில் பிறந்தது. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற இலங்கை வானொலி நகைச்சுவை நாடகத்தை எழுதி நடித்த மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆகியோரோடு பி. எச். அப்துல் ஹமீதும் சேர்ந்து, அதே கூட்டமாகத் திரைக்குப் போனார்கள். ஒருவர் பேசியது முஸ்லிம் தமிழ், ஒருவர் பேசியது யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் பேசியது சிங்கள வாடை அடிக்கும் தமிழ். கொழும்பில் ஒரு சந்தியில் நின்றால் காதில் விழும் அத்தனை தமிழும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு, 1977இல், சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துக்குப் போய், காவலூர் ராஜதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’யை எடுத்தார்.

1983 ஜூலை இனக்கலவரத்தில், படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. கொழும்பில் தமிழ்ப்படம் எடுக்கும் முயற்சிகள் அதோடு ஏறக்குறைய அறுந்துபோயின. அதன் பிறகு இங்கே படம் எடுக்க நினைத்த பிள்ளைகளுக்குக் கைகொடுக்க ஸ்டூடியோ இருக்கவில்லை, முதலாளி இருக்கவில்லை. இருந்தவர்கள் நண்பர்கள். அதனால்தான் நண்பர்களோடு வேலை செய்யும் முறையை ஒரு கைத்தொழில்போல ஒழுங்காகப் பழக வேண்டும் என்று சொல்கிறேன்.

வெளியில் இப்படிச் செய்தவர்கள் உண்டா? நிறைய உண்டு. 1929 கோடையில் பெர்லினில் ஒரு நண்பர் கூட்டம் ‘ஞாயிறு மனிதர்கள்’ என்று ஒரு படத்தைத் தொடங்கியது. நடித்த ஐந்து பேரும் நடிகர்களாகப் பெயர் எடுத்தவர்கள் அல்லர். டாக்ஸி ஓட்டியவர் டாக்ஸி ஓட்டுநராகவே வந்தார், இசைத்தட்டு விற்ற பெண் இசைத்தட்டு விற்பவளாகவே வந்தாள். கிழமை நாளில் அவர்களுக்கு வேலை இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தார்கள். 1930இல் படம் வெளிவந்தது. கமெராவுக்குப் பின்னால் நின்ற ரொபேட் சியோட்மாக், எட்கர் உல்மர், பில்லி வைல்டர், பிரெட் சினமன் எல்லோரும் பின்னாளில் ஹொலிவூட்டில் பேர் பெற்றவர்கள். ஆனால் அந்தப் படத்தில் யார் எதைச் செய்தார் என்பதைப் பற்றி அவர்களே பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

1976இல் பூனா திரைப்படக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்கள் ‘யுக்த்’ என்று ஒரு கூட்டுறவு அமைத்து, விஜய் டெண்டுல்கரின் ‘காசிராம் கொத்வால்’ நாடகத்தைப் படமாக்கினார்கள். இயக்கத்தில் நால்வருக்குப் பங்கு. அவர்களில் ஒருவர் கே. ஹரிஹரன், பின்னர் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்தவர். ‘அக்ரகாரத்தில் கழுதை’ தந்த ஜோன் ஆப்ரகாம் கேரளத்தில் ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்போடு ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் காசு சேர்த்து, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார். இங்கே எங்கள் நாட்டிலும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த மூவரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவு வேலையை விட்டு வெளியே வந்து சேர்ந்து உழைத்ததால்தான் 1956இல் ‘ரேகாவ’ பிறந்தது. மறு ஆண்டு அது கான் விழாவுக்குப் போனது. இவர்களின் ஏற்பாடு ஒவ்வொன்றும் வேறு வேறு. ‘ரேகாவ’வில் மூவருக்கும் தனித்தனி வேலை இருந்தது. ஆனாலும் படம் தங்களுடையது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பை எப்படி உண்டாக்குவது என்பதுதான் எங்கள் கேள்வி.

என் பதில் இது. வேலை கைமாறலாம், முடிவு கலையக் கூடாது. படம் முழுவதற்கும் ஒரு டிரெக்டர் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ஷொட்டுக்கும் கடைசிச் சொல் ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஒழுங்கையில் சொஃப்ட்போல் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது விளங்கும். எல்லோரும் துடுப்பெடுப்பார்கள், எல்லோரும் பந்து போடுவார்கள், ஆனால் ஒரு பந்துக்கு ஒரு அம்பயர்தான். நாலு பேரும் அம்பயர் என்றால் ஆட்டம் இல்லை, சண்டைதான். பதவி இல்லாமல் படம் எடுக்கிறோம் என்று தொடங்கிய பல கூட்டங்கள் இங்கேதான் வழுக்குகின்றன. பதவியோடு பொறுப்பையும் சேர்த்து வெளியே போட்டுவிடுகிறார்கள்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நீங்கள் நாலு பேர். வெள்ளவத்தையில் ஒரு அக்காவும் அவவுடைய தம்பியும், கொட்டாஞ்சேனையில் ஒரு தோழனும் ஒரு தோழியும். ஐந்து நிமிடப் படம். கதை எழுதும்போதே ஒரு சூட்சுமம் வேண்டும். ஒரே ஆள் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை நடித்தால் அவர் நடிகர் என்ற பதவியில் மாட்டிக்கொள்வார். ஆகவே கைமாறும் கதையாக எழுதுங்கள். ஒரு சோற்றுப் பார்சல் என்று வைப்போம். வெள்ளவத்தையில் அக்கா வாழையிலையில் சோறு கட்டுகிறா. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறான். புறக்கோட்டையில் தோழன் வாங்கிக்கொள்கிறான். கொட்டாஞ்சேனையில் தோழி அதைக் கடைக்குள் இருக்கும் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நாலு காட்சி, நாலு பேர். பார்சல்தான் கதாநாயகன்.

இனி வேலை தானாகச் சுழலும். முதல் காட்சியில் அக்கா நடிக்கிறா, தம்பி முடிவு சொல்கிறான், தோழன் கமெரா, தோழி ஒலி. இரண்டாவதில் தம்பி நடிக்கிறான், தோழன் முடிவு, தோழி கமெரா, அக்கா ஒலி. மூன்றாவதில் தோழன் நடிக்க, தோழி முடிவு, அக்கா கமெரா, தம்பி ஒலி. நாலாவதில் தோழி நடிக்க, அக்கா முடிவு, தம்பி கமெரா, தோழன் ஒலி. ஒரு கடதாசியில் நாலு வரி எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினால் போதும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலையையும் ஒரு தடவை செய்கிறார்கள். நடிப்பவர் ஒருபோதும் முடிவு சொல்வதில்லை, ஏனென்றால் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது.

முடிவு சொல்பவர் என்ன செய்ய வேண்டும்? மூன்று வேலை. ஷொட்டுக்கு முன்னால் ஒரே ஒரு வசனத்தில், இதைப் பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். சமையலறைக் காட்சியில் தம்பி இப்படிச் சொல்லலாம்: "அக்கா, நீங்கள் கோபத்திலதான் சோறு கட்டுறீங்கள், ஆனா பொரிச்ச மீனில பெரிய துண்டைத்தான் அப்பாவுக்கு வைக்கிறீங்கள்." இவ்வளவு போதும். கமெரா எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. முகத்தைவிட விரலும் மீன் துண்டும் முக்கியம் என்று தோழனுக்கு உடனே தெரிந்துவிடும். கடையில் வாங்கிய வடையைப் பொதி செய்வதுபோல அக்கா கட்டினால் காட்சி செத்துவிடும் என்பது அக்காவுக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது வேலை, ஒத்திகையில் எல்லோரும் சொல்வதைக் கேட்பது. மூன்றாவது, "ரெடி" என்று சொன்ன பிறகு ஒருவரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது.

"எனக்கு இது பிடிக்கேல்லை" என்று ஒருவர் சொன்னால்? சொல்லட்டும். முடிவு சொல்பவரின் டேக்கை முதலில் எடுங்கள், மற்றவரின் யோசனையை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை எடுங்கள். இரண்டும் கையில் இருக்கட்டும். வாதத்தை வெட்டும் மேசைக்குத் தள்ளிவிடலாம். அங்கே படமே பதில் சொல்லும். ஆனால் மாற்று டேக் ஒன்றோடு நிற்க வேண்டும். இரண்டு, மூன்று என்று போனால் வெளிச்சம் போய்விடும்.

வெளிச்சம் என்றதும் கொழும்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான் நிற்கும். அந்தி மெல்ல மெல்ல வருவதில்லை, சடாரென்று விழும். வெள்ளவத்தைக் கடற்கரையில் மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் 5 மணிக்கே ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையை எதிர்பார்த்து, வெளிக் காட்சிகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வேலை சுழல்வதால் வரும் ஒரு இடைஞ்சல். நாலு பேர் நாலு விதமாகக் கமெரா பிடித்தால் நாலு படம்தான் வரும். இதைத் தடுக்க, படம் தொடங்கு முன் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பொது ஒழுங்கு ஒன்று வேண்டும். பிரேம் வேகம் எல்லோருக்கும் 25. போனைக் கிடையாகப் பிடிப்பது. வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவைப்பது. முகத்தில் விரல் வைத்து வெளிச்சத்தையும் போக்கஸையும் பூட்டிவிட்டுத்தான் பதிவுப் பொத்தானை அழுத்துவது. இருவர் பேசும் காட்சியில் அவர்களுக்கு இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கமெராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருப்பது. கோட்டைத் தாண்டினால் எதிரெதிரே பேசுபவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தெரியும். இந்த ஐந்தும் போதும். பிளக்மேஜிக் கமெரா என்ற இலவசச் செயலியில் பிரேம் வேகம், வெள்ளைச் சமநிலை, வெளிச்சம், போக்கஸ் எல்லாவற்றையும் கையால் அமைக்கலாம்.

25 ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்ப்பும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும். ஷட்டர் 50இல் ஒரு பங்கு நொடி என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். 100இல் ஒரு பங்கு என்றால் ஒன்று விழும். எல்லாப் பிரேமும் ஒரே அளவு வெளிச்சம் பெறும். பல போன்கள் வாங்கியபடியே 30 பிரேமில் இருக்கும். அதற்கேற்ப ஷட்டர் 60இல் ஒரு பங்கில் நின்றால், துடிப்பு ஒன்று முழுதாகவும் அடுத்தது குறையாகவும் விழும். சுவரில் கரும்பட்டைகள் ஊர்வதைப் பார்த்து, "போன் பழுதாப் போச்சு" என்று பிள்ளைகள் பயப்படுவது இதனால்தான். உள்ளே எடுக்கும்போது 50 அல்லது 100 என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் அந்தப் பட்டை வராது. வெளியே வெயிலில் இந்தப் பிரச்சினை இல்லை, ஷட்டர் ஏறிக்கொண்டு போகட்டும்.

படத்தைவிட ஒலிதான் நண்பர்களின் படங்களைக் கெடுக்கிறது. வெள்ளவத்தையில் மூன்று சத்தங்கள் எப்போதும் இருக்கும்: காலி வீதி, கரையோர ரயில், கடல். ரயில் பாதை கடலோரமாகவே ஓடுவதால் மெரின் டிரைவ் பக்கத்து வீட்டில் பேசும் காட்சி எடுத்தால் நடுவில் ரயில் வந்தே தீரும். ரயில் வந்தால் நிறுத்திவிட்டு, அந்தச் சத்தத்தையே தனியாகப் பதிந்து வையுங்கள். பிறகு எங்கே வேண்டுமோ அங்கே ஓடவிடலாம். வசனத்துக்கு இன்னொரு போனை நடிப்பவரின் சட்டைப் பையில் வைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, கமெராவுக்கு முன்னால் ஒரு தடவை கைதட்டினால் போதும். அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். நிறுத்தியவர் யாரோ அவரே திரும்பப் போட வேண்டும் என்று சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அம்மாவின் மீன் பழுதாகும். ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்த பிறகு எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு இடையே விழும் பள்ளங்களை அந்த ஒரு நிமிடம் நிரப்பும்.

இனி வெட்டும் மேசை. காட்சியின் முதல் வெட்டை அந்தக் காட்சியில் ஒலி பார்த்தவர் செய்யட்டும். அவருடைய முகம் அதில் இல்லை, கமெரா அவருடையதில்லை, முடிவும் அவருடையதில்லை. எந்த ஷொட்டையும் கைநடுங்காமல் தூக்கி எறிய அவரால்தான் முடியும். வசனத்தை உற்றுக் கேட்டவரும் அவர்தான். நாலு காட்சியும் நாலு பேரிடம் வெட்டுப்பட்டு வந்த பிறகு, முழுப் படத்தையும் ஒருவர் ஒட்ட வேண்டும். அவர் யார் என்பதைப் படப்பிடிப்புத் தொடங்கு முன்பே குலுக்கல் போட்டுத் தீர்மானித்துவிடுங்கள். இரண்டு தடவை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது, சொல்ல வேண்டியதைச் சொல்வது, அதற்குப் பிறகு அவர் சொல்வதே முடிவு. டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு இதற்குத் தாராளமாகப் போதும்.

பேச்சு மொழியிலும் இந்த முறைக்கு ஒரு லாபம் உண்டு. எழுதுபவர் ஒருவராக இருந்தால் எல்லாப் பாத்திரமும் அவருடைய தமிழைப் பேசும், அல்லது சென்னைப் படத்துத் தமிழைப் பேசும். எங்கள் தமிழ்ப் படங்கள் மீது ஆரம்பம் முதலே இருந்த குறை அதுதான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை தன் வசனத்தைத் தானே எழுதட்டும். மலையகத்திலிருந்து வந்து இங்கே கடையில் வேலை செய்யும் தம்பியின் தமிழ், யாழ்ப்பாணத்து அம்மாவின் தமிழ், பக்கத்து வீட்டு முஸ்லிம் சிநேகிதியின் தமிழ், ஓட்டோ அண்ணனின் சிங்களம் கலந்த தமிழ் எல்லாம் அவரவர் வாயிலிருந்தே வரட்டும். ‘கோமாளிகள்’ கூட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த வழி இன்னும் திறந்தே கிடக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம். வேலை சுழலும் என்று எழுதி ஒட்டிவிட்டால் சாப்பாடும் சுழல வேண்டும். அன்று யார் முடிவு சொல்கிறாரோ அவருக்கு அடுத்தவர் பணிஸ், பிளேன்டீ பொறுப்பு என்று அதையும் நாலு வரிக்குள் எழுதுங்கள். எட்டு மணிக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டியவர் ஒருவர் இருந்தால் இரவுக் காட்சியை அவரை விட்டுவிட்டு எடுக்காதீர்கள், கதையைப் பகலுக்கு மாற்றுங்கள். ஒருவரை விட்டுவிட்டு எடுத்த காட்சி அவருடைய படமாக இராது. அங்கிருந்துதான் கூட்டம் உடையத் தொடங்கும்.

வெளியே எடுக்கும்போது சில கவனங்கள். ரயில் பாதையில் ஏறி நின்று எடுக்க வேண்டாம், எந்த ஷொட்டும் அதற்குப் பெறுமதி இல்லை. கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கம் கமெராவைத் திருப்பாதீர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் சுற்றாடலில் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அங்கே கேட்காமல் ஒரு பிரேம்கூட எடுக்கக் கூடாது. வீதியில் முக்காலி வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொது மண்டபத்தில் திரையிடுவதானால் அதற்கு முன் தணிக்கைச் சபையின் சான்றிதழ் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெர்லின்காரர்களிடம் வருவோம். யார் எதைச் செய்தார் என்பதை எழுதிவைக்காத நட்பு பின்னால் வாயால் சண்டை பிடிக்கும். எங்கள் நாட்டுச் சட்டமும் இதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கே முதலில் போகும். நாலு பேர் சேர்ந்து எடுத்த படத்தில் தயாரிப்பாளர் யார்? போன் தந்தவரா, பஸ் காசு போட்டவரா? நீங்கள் எழுதிவைக்காவிட்டால் வேறு யாரோ தீர்மானிக்க வேண்டி வரும். ஆகவே ஒரு பக்கக் கடதாசியில் நாலு விஷயம் எழுதி, நாலு பேரும் கையெழுத்து வையுங்கள். படம் நாலு பேருக்கும் சம பங்கு. இணையத்தில் ஏற்றுவதற்கும் விழாவுக்கு அனுப்புவதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பரிசுப் பணம் வந்தால் சமமாகப் பிரிப்பது, அல்லது அடுத்த படத்துக்கு வைப்பது. பெயர்கள் அகர வரிசையில் வரும்.

யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா போன்ற இடங்களுக்கு அனுப்பும்போது விண்ணப்பத்தில் இயக்குநர் பெயர் கேட்பார்கள். அங்கே நாலு பெயரையும் எழுதலாம், அல்லது கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்து அதை எழுதலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1969 முதல் இயங்கிய ‘அம்பர்’ கூட்டமைப்பு தன் படங்களை அம்பர் என்ற ஒரே பெயரில்தான் உலகுக்குக் கொடுத்தது. டென்மார்க்கில் 1995இல் ‘டொக்மா’ இயக்கத்தார் போட்டுக்கொண்ட விதிகளில் ஒன்று, படத்தில் இயக்குநரின் பெயர் வரக் கூடாது என்பது. ஆகவே நீங்கள் செய்வது ஒன்றும் விநோதமில்லை. தலைப்பு அட்டையில் யார் எந்தக் காட்சியில் எதைச் செய்தார் என்ற அந்த நாலு வரியையே போட்டாலும் அழகாக இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்துமா? பொருந்தாது. ஒருவர் தன் வீட்டில் நடந்த இழப்பைப் படமாக்க விரும்பினால் அந்தப் படத்தில் கடைசிச் சொல் அவருடையதாகவே இருக்கட்டும். மற்றவர்கள் மனமொத்துக் கை கொடுங்கள். இருபது பேர், வாடகை விளக்குகள், ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு ஓடும் படப்பிடிப்பு என்றால் பழைய பிரிவினையே பாதுகாப்பு. அங்கே ஒருவர் கமெரா பழகிக்கொண்டிருக்க முடியாது. மூன்று முதல் ஆறு பேர், பத்து நிமிடத்துக்கு உட்பட்ட படம், சனி ஞாயிறு. இந்த எல்லைக்குள் இது நன்றாக வேலை செய்யும். அதோடு, ஒவ்வொரு வேலையையும் ஒரு தடவையாவது செய்தவர் பிறகு பெரிய படத்தில் ஒரே வேலைக்குப் போனாலும் மற்றவரின் கஷ்டம் அறிந்து நடப்பார். பூம் மைக்கை ஐந்து நிமிடம் தலைக்கு மேல் பிடித்துத் தோள் வலித்தவர், இருபதாவது டேக் கேட்கும் முன் ஒரு தடவை யோசிப்பார்.

படம் முடிந்ததும் முதலில் வீடு தந்தவர்களுக்கும் கடை தந்தவருக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே போனை எடுத்துப் பார்த்தார்கள் என்று ஒருவர் குறித்துவைக்கட்டும். அதற்குப் பிறகு நாலு பேரும் இருந்து, அடுத்த படத்துக்குத் திகதி குறியுங்கள். முதல் படம் நன்றாக வந்ததா இல்லையா என்பதை வைத்து இந்த முறையை எடைபோட வேண்டாம். எவருடைய முதல் படமும் தடுமாறித்தான் வரும். இரண்டாவது படத்துக்கு அதே நாலு பேரும் வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் உங்களிடம் ஒரு படக் கூட்டம் இருக்கிறது. எங்களுக்கு நெடுங்காலமாக இல்லாமல் போனது அதுதான்.